இந்தூரிலிருந்து வரவேண்டிய ஒயர்

என் வண்டியை விற்கப்போவதாக என் கணவர் பட்டாபி சொன்னபோது நான் கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தில் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று கிரைண்டரை நிறுத்தினேன். சரியாகத்தான் விழுந்திருந்தது.

"ஆபீஸ்ல செந்தில்நாதன் ரொம்ப நாளாக் கேட்டுண்டிருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துண்டு போறேன்னான். சரின்னுட்டேன்."

"யாரைக் கேட்டுண்டு சரின்னேள்?"

"ஓடாத வண்டியை விக்கறதுக்கு யாரைக் கேக்கணும்? என் பேர்லதானே இருக்கு."

பேர்தான் அவருடையது. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸிலிருந்து பாலிகஞ்ச் வரை வீடு வீடாக இட்லி மாவு விற்று நான் சேர்த்து வாங்கிய பழைய சிவப்புக் கார் அது. வாங்கிய அன்று என் கை முழுக்க மாவு, அவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம். அது போய்விட்டால் பழையபடி இரண்டு கையிலும் மாவுத் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் நசுங்க வேண்டும். இல்லாவிட்டால், "கொஞ்சம் கொண்டு விடறேளா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்றதெல்லாம் போதும்.

விஷயம் இதுதான். துர்கா பூஜைக் கூட்டம் ஓய்ந்த வாரம், மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல உதறியது. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. கார் வைத்திருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டலாம். மின்னினால் ஓட்டவே கூடாது. ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். நான் அணைத்தேன். பின்னால் வந்த மினிபஸ்காரன் என் பரம்பரையையே விசாரித்தான். நானும் அவன் குடும்பத்தை வங்காளியில் நலம் விசாரித்தேன். அப்புறம் அவனே இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தான்.

கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் பட்டாபி தீர்ப்புச் சொன்னார்.

"நீ ஓட்டற ஓட்டுக்கு எந்த எஞ்சின் தாங்கும்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாதம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பார்க்கிறவள் நான், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. அது பஞ்சர் நாளில்தான் ஞாபகம் வரும் பலருக்கு. ஆயில் குச்சியை முதல் தடவை உருவியதும் தெரிவதை நம்பமாட்டேன்; துடைத்து, மறுபடி விட்டு எடுத்துத்தான் பார்ப்பேன். கூலன்ட் பார்ப்பது காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது. ஓடி வந்த சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திருகினால் முகம் வெந்துவிடும். இத்தனையும் செய்கிறவளைப் பார்த்து ஒரு மனுஷர் வாய் கூசாமல் இப்படிச் சொல்கிறார்.

தெருமுனை மெக்கானிக் பாபன்தா வந்து வண்டியைப் பார்த்தபோது நான் மாவு கொடுக்கப் போயிருந்தேன். அதனால் அவர் பட்டாபிக்குப் போன் செய்திருக்கிறார். சாயங்காலம், விற்கப்போகிற சேதியோடு சேர்த்துப் பட்டாபி இந்த விவரத்தையும் சொன்னார்.

"ஒயர் போயிடுத்தாம். இந்தூர், இந்தூர்னு அதையே சொல்றான். இந்தூர்லேர்ந்துதான் வரணும்போல இருக்கு. மத்தியப் பிரதேசத்துலேர்ந்து ஒயர் வந்து என்னிக்கு மாட்டறது? அதுக்குத்தான் தலை முழுகிடலாங்கறேன்."

கல்கத்தாவில் கிடைக்காத ஒயர் என்ன ஒயர்? ராத்திரி முழுக்க அது மண்டையைக் குடைந்தது. காலையில் பாபன்தா கடைக்குப் போய், இந்தூர் ஒயர் எப்போது வரும் என்று வங்காளியில் கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கேயிருந்து வரணும் பௌதி? அது உங்க வண்டிக்குள்ளேயேதான் குடியிருக்கு."

பௌதி என்றால் அண்ணி. இந்துர் என்றால் எலி. அதை இங்கே மூக்கால் இழுத்துச் சொல்வார்கள். எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று அவர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, வங்காளியில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்வதில்லை என்று விரதம் இருக்கும் என் கணவர், வாசலில் இருந்த எலியை மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பிவிட்டார். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், இந்த அழகில் என் வண்டியை விற்கப் பார்த்தாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பாபன்தா என்னோடு வீட்டுக்கு வந்தார். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் தலையில் கந்தலும் பஞ்சுமாக ஒரு கூடு, பக்கத்தில் கடிபட்ட ஒயர்கள். தெருவில் இத்தனை வண்டி நிற்க, இந்த எலிக்கு என் வண்டியில் என்ன வேலை என்று யோசித்தேன். கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்காரும் இடத்தில் சல்லடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜாலி இருக்கும். மழைக்காலத்தில் அதில் சேரும் இலைகளை நான் அள்ளுவது வழக்கம். பூஜை வேலையில் இந்தத் தடவை விட்டுப்போயிருந்தது. அதைக் கழற்றினேன். உள்ளே ஊறி உப்பிய பொரி. பொட்டுக்கடலை. அழுகின சாமந்தி.

வங்காளிகள் யாரும் வண்டிக்குப் பொரி படைப்பதில்லை. இந்தத் தெருவில் ஆயுத பூஜை செய்கிறவர் ஒருத்தர்தான். லேக் மார்க்கெட்டில் ஒரு பை பொரி வாங்கிவந்து, "தட்டுல வெச்சாப் போதும்னா" என்று நான் சொல்லச் சொல்ல, "உனக்கு என்ன தெரியும்?" என்று பானெட்டின் மேல் இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டியவர் அவர்தான். கொட்டினதில் பாதி ஜாலி வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. எலி தானாக வரவில்லை, அவர் அழைத்துத்தான் வந்திருக்கிறது.

பாபன்தா ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றினார். வண்டி முதல் திருகலில் கிளம்பியது, விளக்கும் அணைந்தது. அள்ளிய பொரியை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செந்தில்நாதன் வந்தார். வாசலில் நின்று பட்டாபி பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"பாடி நன்னா இருக்கு. லேடீஸ் ஓட்டினது இல்லையா, எஞ்சின்தான் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. இந்தூர்லேர்ந்து ஒயர் வரவழைச்சுட்டா சரியாயிடும்."

"ஏன்னா, வாயால சொல்லிண்டிருந்தா எப்படி? பானெட்டைத் திறந்து காட்டுங்கோ" என்றேன்.

பட்டாபி முன் கதவைத் திறந்து குனிந்து துழாவினார். ஒரு கொக்கியை இழுத்தார். பின்னால் பெட்ரோல் மூடி திறந்துகொண்டது. இன்னொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது. செந்தில்நாதன் எதிர்வீட்டு மாடியைப் பார்க்க ஆரம்பித்தார். என் எஞ்சினைப் பற்றி ஊரெல்லாம் பேசிய மனுஷருக்கு அதன் மூடி எங்கே திறக்கும் என்றே தெரியவில்லை. நான் அவரை நகரச் சொல்லிவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். டப்பாவை அவர் கையில் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்க கொட்டின பொரி. இதைத் தின்ன வந்ததுதான் ஒயரையும் தின்னுடுத்து. பெங்காலியில இந்துர்னா எலி. அது ஒண்ணும் ரயிலேறி வரலை. நான் ஓட்டற ஓட்டைச் சொன்னேளே, இப்போ சொல்லுங்கோ."

நான் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். எஞ்சின் உதறாமல் ஓடியது. செந்தில்நாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், நான் இன்னொரு நாள் வரேன்."

"இன்னொரு நாளும் வேண்டாம். வண்டி விக்கறதுக்கில்லே. மாவு வேணும்னா போன் பண்ணுங்கோ, இதுலயே கொண்டு வந்து தரேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

மாவுத் தூக்குகளை ஏற்றிக்கொண்டு நான் கிளம்பும்போது பட்டாபி ஜன்னலருகே வந்து நின்றார். டப்பா இன்னும் கையிலேயே இருந்தது.

"லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வேலை இருக்கு. கொஞ்சம் கொண்டு விடறயா?"

"முன்னாடி மாவு இருக்கு. பின்னாடி ஏறுங்கோ. நாளைக்கு வண்டியை என் பேருக்கு மாத்தக் கையெழுத்துப் போடறேளா இல்லையா, அதைச் சொல்லிட்டு ஏறுங்கோ."

பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். "போடறேன்" என்றார். பின் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கியரைப் போட்டேன்.