டேஹலக் என்று யாரைச் சொல்வது

அந்த டச்சுச் சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒருமுறை தொண்டையைக் காற வேண்டும். 'டே' என்று ஆரம்பித்து, சளி கட்டினால் அடித்தொண்டையிலிருந்து இழுப்போமே, அந்த மாதிரி ஒரு 'ஹ', அதன் வாலில் அவசரமாக ஒரு 'லக்'. டேஹலக். டீச்சரின் மாலை வகுப்பு மொத்தமும் சேர்ந்து இதைச் சொல்லிப் பழகியபோது, கீழே டயர் கடைக்காரர் மாடியில் யாருக்கோ வாந்தி என்று நினைத்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

டீச்சர் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் டச்சு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். இப்போது டயர் நாற்றம் ஏறிவரும் இந்த மாடி அறையில், டச்சு பேசும் நாட்டு முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகப்போகிறவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, திருப்பிப் போடுகிற வேலை. அங்கே ஆளெடுக்கிறவர்கள் சான்றிதழைப் பார்ப்பார்களோ இல்லையோ, ஆள் டேஹலக்கா என்று கட்டாயம் பார்ப்பார்கள் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"மேஜையைச் சொல்லலாம், செருப்பைச் சொல்லலாம், மனுஷங்களையும் சொல்லலாம். பளபளன்னு இருக்கணும்னு இல்ல. ஆடக் கூடாது, பாதியில காலை வாரக் கூடாது. நம்பி உக்காரலாம், அவ்வளவுதான்" என்றவள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து, விரிசலுக்கு யாரோ அடியில் டேப் சுற்றியிருந்ததைக் காட்டினாள். "இது டேஹலக் இல்ல. மேலேருந்து பாத்தா தெரியுதா?"

"இக் பென் டேஹலக்!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல். நான் டேஹலக் என்று அர்த்தம். சொன்னவன் டீச்சரின் கொழுந்தன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள்.

"நம்மளைப் பத்தி நாமே சொல்லிக்கக் கூடாது தம்பி. அடுத்தவங்க சொல்லட்டும்."

"அடுத்தவங்க சொல்லாம விட்டுட்டா என்ன அண்ணி பண்றது?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவளுக்கு வாயில் கசந்தது.

சின்னவனை வீடு தலைமேல் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த காலம் அது. சேர்ந்த இடமெல்லாம் மூன்றே மாதத்தில் கசந்து வெளியே வந்தவன், கடைசியில் இந்தப் பராமரிப்பு வேலைதான் என்று முடிவெடுத்திருந்தான். சொல்லிவைத்தாற்போல் அவன் அம்மா, அதாவது டீச்சரின் மாமியார், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தாள். பகலில் டீச்சருக்கு வகுப்பு, அவள் புருஷனுக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. "அம்மாவை நான் பாத்துக்கறேன், எனக்கும் பழக்கம் ஆகும்ல" என்று சின்னவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும்? ஒரு பெரிய பாரம் தன் தலையில் விழாமல் போனதே.

டீச்சர் வீடு திரும்பும்போதெல்லாம் மாமியாரின் அறை பத்திரிகைப் படம் மாதிரி இருக்கும். சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, தலையணை நேராக, மாமியார் முகத்தில் பவுடர். பவுடர் வாசனைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. நோயாளி அறை என்றால் அப்படித்தான் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். விரிப்பை மாற்றட்டுமா என்று கேட்டால் மாமியார் எரிந்து விழுவாள்.

"எல்லாம் என் புள்ள பண்ணிட்டான். நீ ஒண்ணும் நொட்ட வேணாம், போய் உன் வேலையைப் பாரு."

களைத்து வருகிறவளுக்கு இதைவிட இனிக்கிற வார்த்தை உண்டா? டீச்சர் போய்த் தன் வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் வகுப்பறைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி பிளந்து பலகை, புத்தகம் எல்லாம் நனைந்துபோக, மதியமே வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் சின்னவன் சோபாவில் கால் நீட்டிப் படுத்து, காதில் இயர்போனோடு கண்ணை மூடிக்கொண்டு டச்சு ஒப்பித்துக்கொண்டிருந்தான். "ஐயா, வசதியாக இருக்கிறீர்களா? அம்மா, முதுகு வலிக்கிறதா?" உச்சரிப்பு சுத்தம். உள்ளறையிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. அது மட்டும் அவன் காதில் விழவில்லை.

அறைக்குள் நுழைந்தவளுக்கு மூச்சு முட்டியது. மதிய நேரத்துக்குப் பவுடர் இன்னும் போடவில்லை போலிருக்கிறது. விரிப்பு என்னவோ வெள்ளையாகத்தான் இருந்தது. அதன் மேல் கை வைத்தாள். அடியில் மெத்தை மெத்தையாக இல்லை, கனமாக, குளிர்ந்து, பிசுக்கென்று இருந்தது.

"தொடாதே" என்றாள் மாமியார்.

டீச்சர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை விரிப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள். அதற்குக் கீழே இன்னொரு விரிப்பு, மஞ்சளாகி, ஓரமெல்லாம் மொடமொடவென்று காய்ந்து. அதற்கும் கீழே இன்னொன்று, அது என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. அவன் ஒருநாளும் எதையும் உருவி எடுக்கவில்லை. ஈரமானால் மேலே ஒரு பிளாஸ்டிக், அதற்கு மேலே ஒரு புதுத் துணி. அம்மாவைத் தூக்கக்கூட வேண்டாம், ஒரு பக்கமாகச் செருகி மறுபக்கம் இழுத்துவிட்டால் போதும். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு கைத்திறன் வேண்டும் போலிருக்கிறது, அது அவனிடம் வஞ்சனையில்லாமல் இருந்தது.

மாமியாரை மெல்ல ஒருக்களித்தபோது இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண்ணைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், நடுவில் குழி. அந்தக் குழியிலிருந்துதான் இத்தனை நாள் அந்த வாடை வந்திருக்கிறது. டீச்சர் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். புண்ணைப் பார்த்து வந்த குமட்டல் கொஞ்சம்தான். போய் வேலையைப் பார் என்றதும் சந்தோஷமாகப் போனாளே, அதை நினைத்து வந்ததுதான் அதிகம்.

வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவன் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள்.

"நீயெல்லாம் மனுஷனாடா? பெத்த தாயை இப்படியா போட்டு வெச்சிருப்ப?"

சின்னவன் திடுக்கிட்டான், ஆனால் கூசவில்லை. "கத்தாதீங்க அண்ணி. அங்க எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு. கட்டிலே தானா திருப்பிப் போட்டுடும். அங்க நான் ஒழுங்கா பண்ணுவேன்."

"அப்போ இங்க?"

"இங்க அம்மாதானே. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பாசம்கூட இருந்தது. அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

அன்றே மருத்துவர் வந்தார், புண்ணைச் சுத்தம் செய்து, டீச்சருக்கு முறையைக் காட்டிக்கொடுத்தார். புது மெத்தை வந்தது. டீச்சர் பகல் வகுப்புகளை நிறுத்திவிட்டு, மாமியாரை நேரத்துக்கு நேரம் திருப்பிப் போட்டாள். மாமியாருக்கு அதில் நன்றியும் இல்லை, வெட்கமும் இல்லை, ஒரே கவலைதான்.

"ஏம்மா, வெளிய மூச்சு விட்டுடாதே. இப்பதான் அவனுக்கு ஒரு வழி பொறந்திருக்கு. நான் போற கட்டை, எனக்குப் புண்ணு வந்தா என்ன, வரலைன்னா என்ன? என் புள்ள டேஹலக்."

அவன் கூடத்தில் படுத்து ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். அந்த 'ஹ' அப்படியே அச்சாக விழுந்தது. வகுப்பில் ஒருத்தருக்கும் வராத 'ஹ'. வருஷக்கணக்கில் நெஞ்சுச் சளி இருந்ததே, அது இதற்காவது உதவியது.

புருஷனிடம் சொன்னபோது அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான், மறுபடி பிரித்தான்.

"சரி, தப்புதான். அதுக்காக அவன் பொழப்பைக் கெடுக்க முடியுமா? போனா ஒரு தொல்லை ஒழியும். அங்க போய்க் கத்துக்குவான்."

"யார் உடம்பை வெச்சுங்க கத்துக்குவான்?"

அவன் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான். இந்த ஆளோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு, பேசிச் சிரித்துக் குடித்தனம் நடத்தினோம் என்று டீச்சருக்கு அருவருப்பாக இருந்தது.

ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரப் பெண்மணி அடுத்த வாரமே வீடியோவில் வந்தாள். சின்னவன் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பழகியிருக்கிறான் என்று விண்ணப்பத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தான், அதைப் பார்க்க வேண்டுமாம். அண்ணன் அரைநாள் விடுப்பு எடுத்து போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு தடைப்பட்டால் எடுத்துக்கொடுக்க டீச்சர் கட்டில் அருகே.

சின்னவன் வெள்ளைச் சட்டை, புதுக் கையுறை. போனுக்கு முகத்தைக் காட்டியபடியே வேலை செய்தான். அம்மாவின் கையைத் தடவினான், போர்வையை நீவினான், தலையணையைத் தட்டினான், "அம்மா, வசதியாக இருக்கிறீர்களா?" என்று டச்சில் கேட்டான். குட்டு வெளிப்பட்ட நாளிலிருந்து அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். அந்தக் கை மாமியாரின் நெற்றியில் படும்போதெல்லாம் டீச்சருக்குத் தன் உடம்பில் பட்டது போலக் கூசியது.

"ரொம்ப நேர்த்தி" என்றாள் ஏஜென்சிக்காரி. பிறகு படுக்கையைப் பார்த்துக் கையசைத்து, "வணக்கம், அம்மா!" என்றாள்.

மாமியார் தலையைத் தூக்க முடிந்தமட்டும் தூக்கி, போனைப் பார்த்துக் கத்தினாள். "டேஹலக்! டேஹலக்!"

அந்தப் பெண்மணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நல்ல முகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சிரிப்பு அடங்கி, டீச்சரைப் பார்த்தாள்.

"எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். நீங்கள்தானே ஆசிரியை? உங்களைக் கேட்கிறேன். இவர் டேஹலக்கா?"

புருஷன் போனுக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினான். சின்னவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். டீச்சரின் கை தன்னால் விரிப்பின் ஓரத்துக்குப் போனது. ஒரு இழுப்பு, ஒரு திருப்பு, பேச்சே தேவையில்லை. ஆனால் மாமியார் கண் அவள் மேலேயே இருந்தது, கெஞ்சிக்கொண்டு. எவளோ ஒருத்தி பார்ப்பதற்காக ஒரு கிழவியின் முதுகைத் திறந்து காட்டினால் தனக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? கையை எடுத்துக்கொண்டாள். முகம் தெரியாத எந்த ஊரிலோ, எந்தக் கட்டிலிலோ கிடக்கப்போகிற ஒருத்தியை நினைத்தாள். அவளுக்காகத் தண்ணீர்த் தொட்டி பிளக்காது.

"இல்லை" என்றாள் டச்சில். "இவர் டேஹலக் இல்லை. படுத்தவர்களை இவர் திருப்பிப் போடுவதில்லை."

அத்தனை வருஷமாக மேஜைக்கும் செருப்புக்கும் சொல்லிக்கொடுத்த சொல்லை அவள் ஒரு மனுஷனைப் பற்றி, கேட்டவர்களுக்கு விடையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது, உச்சரிப்பு நடுங்கவில்லை. ஏஜென்சிக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

சின்னவன் கையுறைகளை உருவி அம்மாவின் கால்மாட்டில் வீசினான். "நல்லா இருங்க அண்ணி. நல்லா இருங்க." வாசல் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது.

"திருப்தியா இப்ப?" என்று கேட்டுவிட்டுப் புருஷன் தம்பி பின்னாலேயே போனான். இருவரில் ஒருவரும் கட்டில் பக்கம் திரும்பவில்லை.

டச்சு தெரியாவிட்டாலும் மாமியாருக்கு எல்லாம் புரிந்திருந்தது. "பாவி, என் வயித்துல அடிச்சிட்டியே. உனக்கு என்னடி கெடுதல் பண்ணினான் என் புள்ள? உன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது" என்று அழுதாள். அழுதுகொண்டே சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். தோள் கொஞ்சம் எழும்பியது, இடுப்பு வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"திருப்பி விடு" என்றாள் கடைசியில்.

"எந்தப் பக்கம் அத்தை?"

"உன்னைப் பாக்காத பக்கம்."

டீச்சர் ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, மெதுவாகச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாள். இப்போது புண் இவள் பக்கம் இருந்தது, கட்டு நனைந்திருந்தது. கை கழுவிவிட்டு வந்து கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஸ்ஸ்... மெதுவாடி" என்றாள் மாமியார் சுவரிடம். "என் புள்ள கிட்ட இருந்தவரைக்கும் எனக்கு இப்படி வலிச்சதே இல்ல."

டீச்சர் அடுத்த பஞ்சை எடுத்து நனைத்தாள்.