அமாவாசைத் தண்ணீர்

அமாவாசை அன்று துளை போடுகிற பிட் தரையைத் தொடக் கூடாது என்பது எங்கள் போர்வெல் முதலாளி வைத்த வழக்கம். மாதத்தில் எங்களுக்கு ஓய்வு என்றால் அந்த ஒரு நாள்தான். விடியற்காலையில் வண்டிக்குப் பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்துவிட்டால் அன்று முழுக்க மெஷின் சத்தம் இருக்காது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தை அமாவாசைக்கு மகாராஷ்டிரத்தில், கடலோரமாய் ஓர் ஊரில் இருந்தோம். நானும் குழந்தைசாமி மாமாவும் கொல்லிமலை, திருப்புலி நாட்டுக்காரர்கள். மாமா எனக்கு மூத்தவர். இந்த வேலைக்கு என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பைப் லாரி ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. முள்ளுக்குறிச்சி சைபுல்லா ஓட்டுகிற வண்டி. அதில் போனால் செவ்வாய் விடியலில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கிவிடலாம். அன்று காலை மலையில் ஊர்க்கூட்டம். என் மனைவி பெருமாயி என்னிடமிருந்து தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தாள். இரண்டு கூட்டத்துக்கு நான் போகவில்லை. மூன்றாவதற்கு நான் போக வேண்டும், இல்லையென்றால் தவணை கேட்டு என் சொல்லாவது போக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் துரும்பைக் கிள்ளிப் போட்டுக் கல்யாணத்தை முறித்துவிடுவார்கள். பஸ்ஸை நம்பினால் புதன்கிழமை ஆகிவிடும்.

பூசை முடிந்தபோது மணி ஏழரை. "எட்டு மாசமா கடலுக்குப் பக்கத்துலயே குழி போட்டுட்டு, அதப் பாக்காமயா ஊருக்குப் போற? வா மாப்ளே, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார் மாமா.

கடலுக்குள் மூக்குப் போல நீண்டிருந்தது அந்த முனை. அதன் கல் முழுக்கக் கறுப்பு. ஆறு பட்டை வெட்டிய தூண்களை நெருக்கி நட்டு, தலையை மட்டம் தட்டியது போல் நின்றது. முன்னொரு காலத்தில் பூமி வெடித்து நெருப்புக் குழம்பு வழிந்து ஆறிய கல் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். எட்டு மாதமாக நாங்கள் அதைத் தூளாகத்தான் பார்த்திருந்தோம். மூக்கிலும் சோற்றிலும் விழுகிற கறுப்புத் தூள். இப்போது முழுசாக நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

முனைக்கு அப்பால், ஐம்பது அடி தள்ளி, அதே கல்லில் ஒரு திட்டு. இரண்டுக்கும் நடுவில் ஈரப் பாறை, அங்கங்கே குட்டை. நடந்தே போனோம். வழியில் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையைக் கழுத்துவரை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள்.

"என்னங்க மாமா சொல்லுது?"

"குளிக்கச் சொல்லுது. நம்ம நாத்தம் அது வரைக்கும் போயிருக்கும்."

சிரித்துக்கொண்டே ஏறினோம். திட்டுக்கு அந்தப் பக்கம் தூண்கள் விசிறி போல் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில் நேரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது நடந்து வந்த பாறையைக் காணோம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது.

நான் இறங்கப் போனேன். மாமா என் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி புரள்றப்ப எவனாச்சும் இறங்குவானா? கல்லு மேல உக்காரு. வந்த வெள்ளம் வடிஞ்சிரும்."

மலை ஓடையில் அதுதான் சரி. மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஓடை இறங்கிவிடும், பொறுத்தவன் வீடு போய்ச் சேருவான். எனக்கும் அது தெரியும் என்பதால் உட்கார்ந்தேன். கடல் அமாவாசையன்று மிக உயரமாக ஏறும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பத்து மணிக்குத் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. மாமா, "வடிஞ்சிரும்" என்றார். பதினொரு மணிக்கு அலை பாறையில் மோதி எங்கள் முகத்தில் அடித்தது. "இன்னுங் கொஞ்சம் பொறு மாப்ளே" என்றார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல் இருந்தது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

பன்னிரண்டுக்கு மேல் ஹாரன் சத்தம் கேட்டது. சைபுல்லா லாரியை மேட்டில் நிறுத்திவிட்டுக் கரைக்கு இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க காளியண்ணா, போயும் போயும் இன்னைக்கா மீன் புடிக்கப் போனீங்க?"

"தண்ணி எத்தன மணிக்குங்க எறங்கும்?" என்று கேட்டேன்.

"நாலு ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் என்னால நிக்க முடியாதுங்க. சாயங்காலத்துக்குள்ள காட்டுரோட்டத் தாண்டோணும்." அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு மறுபடி கத்தினார். "நான் மலைக்கு மேல போயிச் சொல்றனுங்க. தவணை கேக்கட்டுமா? அடுத்த மாசம்னு?"

"கேக்கச் சொல்லு" என்றார் மாமா. "ஒரு மாசந்தான. பெருமாயி பொறுத்துக்குவா."

தண்ணீரைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் அதையும் சொன்னார். காலையிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக நான் அவளுக்கு எழுதியதும் அதுவேதான். இந்த மாசம் முடியட்டும், இந்த ஊர் முடியட்டும், வாரேன், பொறு.

"வேண்டாங்க" என்று கத்தினேன்.

சைபுல்லா காதில் கை வைத்தார்.

"தவணை வேண்டாம். அவள விட்டுறச் சொல்லுங்க."

அலைச் சத்தம் வந்து குரலை மூடியது. இன்னொரு தடவை கத்த வேண்டியிருந்தது. அதுவும் கேட்காமல் மூன்றாவது தடவையும். சிப்பிக்காரப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் கரையில் நின்று, பாஷை புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை சைபுல்லாவுக்குக் கேட்டுவிட்டது. பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.

லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

"என்ன காரியம்டா பண்ணிட்ட?" என்றார் மாமா. நகர இடம் இல்லாததால் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

நாலு மணிக்குப் பாறை தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தோம். கணுக்கால்கூட நனையவில்லை.