யுகேந்திரன் கட்டிய கரோல்

1

இது நானாக யோசித்த கதை இல்லை. லிங்கநகரில் என் பக்கத்து வீட்டுத் தயாளினி சொன்னது. “எழுதுங்கோ, ஆனா என்னை அழுமூஞ்சி ஆக்கிப்போடாதேங்கோ” என்றாள்.

முதல் தொடக்கம்: ‘துறைமுகத்தின் மேல் மார்கழி இருள் மெல்லக் கவிய...’

(விட்டுவிட்டேன். அன்று இருட்டவே இல்லை. மழை விட்டிருந்த பின்னேரம்.)

இரண்டாவது: ‘தொன்மையான நாட்டார் மரபில் பிறந்த இந்தக் கரோல்...’

(இது தயாளினியின் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுத்தாளில் உள்ள வரி.* பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.)

* அதில் இயற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘மரபு’ என்றிருக்கிறது.

2

தயாளினியின் கணவன் யுகேந்திரன் சாம்பல்தீவுக்காரன், சைவம். கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டைத் தாய் இரத்தினேஸ்வரியிடம் கேட்டு வளர்ந்தவன். அவள் அரிசி புடைக்கும்போதும் அதைத்தான் பாடுவாள். கலியாணமான முதல் நத்தாருக்கு, அந்த மெட்டில் மாட்டுக்கொட்டிலையும் பாலன் யேசுவையும் வைத்து ஒரு பாட்டுக் கட்டி மனைவியிடம் கொடுத்தான். குழு அதை வருடாவருடம் பாடியது. கட்டியவனை மறந்தது.

தயாளினி வேதக்காரி, கிறிஸ்தவள். அவளைக் கட்டியதால் தாய் அவனோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். போன வருடம் அவன் நெஞ்சுவலியில் போய்விட்டான். செத்தவீட்டில் மாமியும் மருமகளும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள்.

3

இந்த நத்தாருக்குப் பாடகர் குழு ஏறிய கரோல் லொறி சாம்பல்தீவுக்குப் போனது. புதிதாகக் குடிவந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் கேட்டிருந்தது. அந்த வீடு இரத்தினேஸ்வரியின் வளவுக்கு அடுத்தது. தயாளினிக்கு அது தெரியும்.

(பிறகேன் போனாள்? கேட்டேன். “பாட்டை எடுத்துக் குடுக்க வேற ஆளில்லை” என்றாள். நான் நம்பவில்லை. அவளும் நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.)

தயாளினி அடி எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் ‘ஏலேலோ’ போட்டார்கள். இரண்டாம் அடியில், குரல் மேலே ஏறும் இடத்தில், வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அந்த இடம் பிழை.”

லொறியில் வாசித்த கீபோட் நின்றது. இரத்தினேஸ்வரி ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

“வலை இழுக்கேக்க அதிலை குரல் இறங்கவேணும். நீங்கள் ஏத்திறீங்கள். ஆர் காட்டித் தந்தது?”

“அவர்தான், மாமி.”

இரத்தினேஸ்வரி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம். சின்னனிலையும் அவன் அதிலைதான் பிழை விடுவான். எத்தினை தரம் சொல்லியிருப்பன்.”

“திருத்திப் பாடட்டோ?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“வேண்டாம் பிள்ளை. அவன் பாடின மாதிரியே பாடு.”

தயாளினி பாடினாள். அந்த இடத்தில் குரல் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு குரல் கூடவே ஏறியது.

4

இனி முடிவு.

அ) மாமி படலையைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். (சீனி கூடிவிட்டது.)

ஆ) பாட்டு முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். (இதை எழுதிய அன்று எனக்குத் தலையிடி.)

இ) அடுத்த ஞாயிற்றுக்கிழமை தயாளினி...

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லொறி வெளிக்கிட்டபோது தயாளினி அதில் ஏறவில்லை. பிறகு பஸ்ஸில் வந்தாள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அது உங்கட கதைக்கில்லை” என்றாள், கோபமில்லாமல்.

வேலியடியில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வாருங்கள், நாங்கள் லொறியில் ஏறுவோம்.