மூன்றாவது ஊசி

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். தையல்காரருக்கு வாய் வரைக்கும் எட்டியது, தொண்டைக்குக் கீழேதான் எட்டவில்லை. அங்கே இருக்கும் ஒரு தசை வளையம் பிடிவாதமாக இறுக மூடிக்கொண்டு, குடித்த தண்ணீரைக்கூட மூக்கு வழியாகத் திருப்பி அனுப்பியது.

அதைத் தளர்த்த டாக்டர் ஊசி போட்டார். கெட்டுப்போன டப்பா உணவில் ஊறுகிற விஷமாம், துளியிலும் துளி. முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியம். முதல் ஊசி சில மாதம் தாங்கியது, இரண்டாவது சில வாரம். மூன்றாவதைப் போடும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இதுவும் கேக்கலைன்னா உடனே வந்துடுங்க. தெம்பு இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணிடலாம்."

மூன்றாவதும் கேட்கவில்லை. மனிதரும் போகவில்லை. காரணம் அவர் மனைவி. அவர் சாப்பிடாத நாளில் அவளும் தட்டைத் தொடமாட்டாள். அப்படியே எலும்பும் தோலுமாகியிருந்தாள். "இறங்குதாங்க?" என்று அவள் ஏக்கமாகக் கேட்டபோது, "இறங்குது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அதுவும் தொழில் சுத்தமாக. மென்றதைக் கன்னத்தில் ஒதுக்கிக் குளியலறையில் துப்பினார். சொட்டுச் சொட்டாக இறங்கிய பாலில் உயிர் ஓடியது. இடுப்பு இளைக்க இளைக்க, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் பேண்டையே பிரித்துப் பிடித்துத் தைத்தார். சட்டையையும் விடவில்லை. துணி தொளதொளக்காததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பாவி மனுஷன், அவ்வளவு நல்ல தையல்காரர்.

இருமல் நிற்காமல் போனபோது அவள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "ஊசி நல்லா கேட்டுச்சு டாக்டர், வயிறாரச் சாப்பிடுறார்" என்று பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றினார். பிறகு முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிருக்கும்மா. ஊசி வேலையே செய்யலை. இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இனி மூக்குல குழாய்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தவர், "நீயாவது சாப்பிடும்மா" என்று கெஞ்சினார்.

தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். முழுங்க முடியாமல் அதைத் தட்டிலேயே துப்பினாள்.

"இத்தனை நாளா நான் சாப்பிட்டது சோத்தை இல்லைங்க," என்றாள். "உங்களை."