பூஜ்யம் போட்ட பஸ்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘புள்ளிவிவரம்’. போக்குவரத்துத் துறைக்கு யோசனை சொல்லும் பொருளாதார ஆய்வு மையத்தில் ஆய்வாளர். எந்தத் தடத்தில் எத்தனை பேர் போகிறார்கள், எந்த பஸ்ஸை ஓட்டலாம், எதை நிறுத்தலாம் என்று அவள் எழுதிக் கொடுத்தால் பஸ்கள் கைகட்டிக் கேட்டுக்கொள்ளும்.

அவளுடைய புது அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைக்கு வைத்தும் தூங்கலாம், கொசுவும் அடிக்கலாம். அதில் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: பதினேழாம் தடத்தில் பகல் ஒரு மணி பஸ்ஸில் பயணிகள் பூஜ்யம், நிறுத்திவிடலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அந்த பஸ் கிடையாது.

திங்கட்கிழமை காலை அந்த அறிக்கையைச் சாப்பாட்டு மேசைமேல் பெருமையாகக் கிடத்தியிருந்தாள். நாத்தனார் டீ கிளாஸும் கையுமாக வந்து புரட்டினாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரண்டாம் ஷிப்ட். புரட்டிய விரல் முப்பத்தொன்பதில் நின்றது.

“அண்ணி, ஆறு வருஷமா இதுலதான் தொங்கிட்டுப் போறேன். ஏறினா கால் தரையில படாது. அப்ப நான் யாரு, பூஜ்யமா?”

பன்னிரண்டு நாள் எடுத்த கணக்கு, அறிவியல் முறை என்று புள்ளிவிவரம் விளக்கத் தொடங்கினாள். அந்த அறிவியலை ஒரு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றாள் நாத்தனார். பிறகு கிண்டலை விட்டுவிட்டு, இந்த பஸ் நின்றால் தன் வேலையும் நின்றது என்று மெதுவாகச் சொன்னாள். அதுதான் தைத்தது.

புள்ளிவிவரம் நேரே அலுவலகக் கிடங்குக்குப் போனாள். தூசியில் ஏழு முறை தும்மி, கணக்கெடுப்புப் படிவங்களை இழுத்தாள். காலை ஆறு முதல் கட்டம் கட்டமாக எண்கள். ஒன்று முதல் இரண்டு வரை வெறும் கட்டம். பன்னிரண்டு நாளும் அப்படியே, ஒன்றில் மட்டும் எண்ணெய்க் கறை. கணக்கெடுத்தவரைப் போனில் பிடித்தாள்.

“அது சாப்பாட்டு நேரம்மா. நாங்க பூஜ்யம்னு எழுதலியே, சும்மாதானே விட்டோம்.”

உண்மைதான். காலிக் கட்டமெல்லாம் பூஜ்யமாகட்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டது அவளேதான். பன்னிரண்டு மதியச் சாப்பாடு சேர்ந்து ஒரு முழு பஸ்ஸை விழுங்கியிருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவளே அந்த பஸ்ஸில் ஏறி எண்ணினாள். உள்ளே மூச்சுகூட முறை வைத்துத்தான் விட முடிந்தது. பென்சிலை உயர்த்திய கையை இறக்க இடமில்லாமல் ஆஸ்பத்திரிவரை அப்படியே போனாள். நாற்பத்தாறு இருக்கை, சராசரி எண்பத்து மூன்று பேர்.

வெள்ளிக்கிழமை. கூட்ட மேசைமேல் கப்பலே கட்டலாம், அவ்வளவு நீளம். முப்பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் உருவிவிடு, யார் அவ்வளவு தூரம் படிக்கப்போகிறார்கள் என்று மையத்தின் இயக்குநர் காதைக் கடித்தார். அவள் எழுந்து நின்றாள். வெறும் கட்டம் பூஜ்யமான கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, மூன்று நாள் கணக்கை எடுத்து நீட்டினாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப தப்பு யாரோடது?”

“என்னோடதுங்க. பஸ் மேல தப்பில்ல.”

இயக்குநர் மேசைக்கடியில் போய்விடுவார் போலிருந்தது. செயலாளர் இரண்டு கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷத்தில் இந்த அறையில் யாரும் தன் தப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்ததில்லை என்றார். அங்கேயே பேனாவைத் திறந்தார்: ஒரு மணி பஸ் நிற்காது, அதன் பின்னாலேயே இன்னொன்று விட வேண்டும், இனிக் கணக்கெடுப்பவர்கள் முறை வைத்துச் சாப்பிட வேண்டும், வெறும் கட்டம் வெறும் கட்டமாகவே இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் தேதி, ஒன்று ஐந்துக்குப் போன் அடித்தது. எடுத்ததும் பஸ் இரைச்சல்.

“அண்ணி, ஜன்னலோர சீட்டு. காலை நீட்டி உக்காந்திருக்கேன். அது சரி, உங்க புதுக் கணக்குல நான் எத்தனாவது ஆளு?”

புள்ளிவிவரம் வியாழக்கிழமைத் தாளைத் தேடியெடுத்து, நாத்தனார் ஏறியபோது தனியாகப் போட்டிருந்த குறியில் விரல் வைத்துப் பார்த்துச் சொன்னாள்: “நாப்பத்தி ஏழு. இருக்கையெல்லாம் முடிஞ்சு, நின்னுட்டு வந்த மொதல் ஆளு நீதான்.”

அன்று மாலைக்குள் சலவைக்கூடம் முழுக்க, நாற்பத்தேழாவது ஆளால்தான் ஊருக்கு இரண்டாவது பஸ் வந்தது என்ற செய்தி துவைத்து, காயவைத்து, இஸ்திரியும் போட்டாகிவிட்டது.