வியாழக்கிழமைக் கத்தி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சாமர்த்தியமாகப் பேசிவிட்டு நழுவிவிடலாம். ஆனால் நான் சொல்வது நிஜமான பொய். ஒரு நண்பரின் முகத்துக்கு நேரே என் வாயால் சொன்னது. அதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நாலு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். கிழியாமல் தப்பித்த ஒன்று:

"கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்தபோது ஏழு கத்திகளும்..."

வேண்டாம். அந்தப் பெட்டி அவருக்கு என்னவென்று முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும்.

2

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது பழைய சவரக் கத்திகளோடு குடித்தனம் நடத்துகிறார். மடக்கினால் பிடிக்குள் ஒடுங்கிக்கொள்ளும் நீளமான கத்திகள். அவற்றில் மேலானது ஏழுநாள் செட்: வெல்வெட் விரித்த பெட்டிக்குள் நாளுக்கு ஒன்றாக ஏழு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர். ஒருநாள் உழைத்த கத்தி ஆறுநாள் ஓய்வெடுக்க வேண்டுமாம். அவரிடம் ஆறு இருந்தன. வியாழன் இல்லை. பதினோரு வருஷம் தேடினார். அதுவரை வியாழக்கிழமைகளில் சவரம் செய்துகொள்ளவே இல்லை. (மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். வியாழக்கிழமை வந்த கல்யாணங்களுக்கெல்லாம் முள்முள்ளான தாடையோடுதான் போனார்.)

காலையில் சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, நிழலில் ஒருமணி நேரம் திறந்து வைத்து, பஞ்சில் எண்ணெய் தொட்டுப் பூசி, அப்புறம்தான் உள்ளே வைப்பார். ஒருநாள் அவர் மனைவி கேட்டார்:

"எனக்கு என்னைக்காவது இப்படி எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கீங்களா?"

"நீ துருப்பிடிக்க மாட்டே."

இரண்டுபேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடும் அளவுக்கு அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு.

3

வியாழனைக் கண்டுபிடித்தவன் நான். பழைய இரும்புக் கடையில், உடைந்த பூட்டுகளுக்கு நடுவே கிடந்தது. முதுகில் அதே எழுத்து, அதே வளைவு. ஆனால் பிடி மட்டும் தூள் தூளாகியிருந்தது. மற்ற ஆறுக்கும் தந்தப் பிடி. ரிப்பேர்க்காரர் வேறொரு கத்தியிலிருந்து மஞ்சள் பூத்த ஒரு பிடியைக் கழற்றிப் பொருத்திக் கொடுத்தார். அசல் மாதிரியே இருந்தது. அண்ணனின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பிடி தந்தம்தானே?" என்றார்.

"பின்ன?" என்றேன்.

அவ்வளவுதான் என் பொய். ஒரே சொல்.

எந்தச் சந்தையில் எந்தக் கத்தியை எடுத்தாலும் கட்டைவிரலால் பிடியைச் சூடேறத் தேய்த்து மோந்து பார்ப்பவர் அவர். கற்பூர வாசனை அடித்தால் அது தந்தமல்ல, தந்தம்போலத் தோன்றும் பழங்காலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு. உடனே கீழே வைத்துவிடுவார். செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாமல் அமிலத்தைக் கக்கும். மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் துரு தின்றுவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் பரிசு கொடுத்தவன் எதிரே நிற்கும்போது பரிசை யார் மோந்து பார்ப்பார்கள்? நேரே வெல்வெட்டில் வைத்து மூடினார். கண்கள் கலங்கியிருந்தன.

நானாவது மோந்து பார்த்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

4

ஐந்து மாதம் கழித்து, அடைமழைக் காலத்தில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. முழங்கை ஒடிந்து அண்ணன் கட்டோடு கிடந்த சமயம். அண்ணி பெட்டியைக் குளியலறைக்குப் பக்கத்து அலமாரிக்கு மாற்றினார். ஒன்பது நாள் அங்கே இருந்தது. கை சரியாகி அண்ணன் திறந்து பார்த்தபோது ஏழும் துரு.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். வியாழன் படுமோசம். இரு பக்கத்திலும் இருந்த புதனும் வெள்ளியும் அடுத்து. தூரத்து ஞாயிறு ஓரளவு தப்பியிருந்தது. துரு எங்கிருந்து புறப்பட்டது என்று கொஞ்சம் பார்த்தாலே தெரியும். அவருக்குத் தெரியவில்லை. வியாழனைச் சந்தேகப்பட வேண்டுமானால் என்னைச் சந்தேகப்பட வேண்டுமே.

"எப்படி ஆச்சு?" என்றார்.

"ஈரத்துணி ஏதாவது பட்டிருக்குமோ" என்றேன்.

அண்ணி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாற்பது நாள் அண்ணன் மனைவியோடு பேசவில்லை. அந்த நாட்களில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அப்போது எழுதியது:

"அவள் ஈரத்துணியால் வெல்வெட்டைத் துடைத்து, காயும் முன்பே அவசரமாக மூடி..."

நல்ல வாக்கியம். அந்த 'அவசரமாக' என்ற சொல்லைச் சேர்த்ததும் அவள் அப்படிச் செய்திருப்பாள் என்று நானே நம்பிவிட்டேன். எழுதத் தெரிந்தவனுக்கு இது ஒரு வசதி. வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

5

நாற்பத்தொன்றாவது நாள் அண்ணி ஒப்புக்கொண்டார். செய்யாத ஒன்றை. (துடைத்த ஞாபகம் அவருக்கு இல்லை. ஆனால் எத்தனை நாள்தான் ஒரு மனுஷி சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள்?) அண்ணன் மன்னித்துவிட்டார்.

நான் போனபோது பெரிய மனசோடு சொன்னார்: "போவுது போ. தெரியாம பண்ணிட்டா. இரும்புதானே."

அண்ணி எனக்கு உட்கார இடம் பண்ண வந்தார். "இந்த நாற்காலிய நகர்த்தலாமாங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் தொட்டார். தண்ணீர் ஜாடியை எடுக்கும்போதும் கேட்டார். ஜன்னலைச் சாத்தவும் கேட்டார். முப்பத்தாறு வருஷமாக அண்ணி ஆண்ட வீடு அது.

வாசல்வரை வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பெட்டியத் திறந்தப்ப கற்பூரம் மாதிரி ஒரு வாசனை அடிச்சுது. நான் கற்பூரம் எதுவும் வைக்கலையே?"

இதுதான் தருணம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே வாக்கியத்தில் அவரை விடுவித்திருக்கலாம்.

"பழைய பொருள்னா அப்படித்தான் அண்ணி" என்றேன்.

"ஓ" என்றார். நம்பிவிட்டார்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அண்ணனிடம் போய் உடைத்துச் சொல்கிறேன். அவர் என்னைச் சும்மா விடமாட்டார், அது சரிதான். பிறகு மனைவியிடம் போய் நிற்கிறார்...

இரண்டாவதில் அண்ணியிடம் மட்டும் சொல்கிறேன். அவர், "அவருகிட்ட சொல்ல வேணாம் தம்பி, மனசு ஒடிஞ்சிடுவாரு" என்று...

இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஏனென்று இப்போதுதான் புரிகிறது. இரண்டிலும் அண்ணி கடைசியில் என்னை மன்னித்துவிடுகிறார். பேனா என் கையில் இருந்தால் வேறென்ன நடக்கும்? அவர் கையில் ஈரத்துணியைக் கொடுத்தவனும் நான்தான். இப்போது அவர் வாயில் மன்னிப்பையும் திணிக்கப் பார்க்கிறேன்.

அண்ணன் கதை படிப்பவர் அல்ல. அண்ணி படிப்பார். நான் எழுதியது எதுவாக இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன் முதலில் அவரிடம்தான் போகும். இதுவும் போகிறது.

அண்ணி, நீங்கள் துடைக்கவே இல்லை. அந்த அலமாரியில் ஈரமும் இல்லை. கத்திகளைக் கெடுத்தது நான் கொடுத்த பிடி. அது எனக்குத் துருவைப் பார்த்த அன்றைக்கே தெரியும்.

ஏழாவது பகுதியை நான் எழுதப்போவதில்லை. 7 என்ற எண்ணை மட்டும் போட்டுக் கீழே காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் என்ன எழுதினாலும், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே அச்சுக்குக் கொடுப்பேன்.

7