மாணிக்கவேலுக்குப் பாயிண்டு வேண்டாம்

2008 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலம் பாலக்கரையை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கரண்டு போனது.

கரண்டு போனால் கடையைப் பார்த்துக்கொள்ளும் இஃப்திகாருக்கு வேலை இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கு மேஜையை இழுத்துப் போடுவான். ஷார்ஜாவிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம் வெளியே வரும். சூப்பர் ஹீரோ ஆட்டம். ஆளுக்கொரு வீரனை எழுதிக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவன் இஃப்திகார். ஆடுகிறவர்கள் அவன் தங்கை மஹிரா, தனக்கோடி, பழமலைநாதன். பையன்கள் மூவரும் செராமிக் டிப்ளமோ ஒன்றாகப் படித்தவர்கள்.

அன்று பழமலைநாதன் வரும்போதே கொதித்துக்கொண்டுதான் வந்தான். அவன் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் சூளைக்கு சூப்பர்வைசர் வேண்டியிருந்தது. முந்தின நாள் அந்த இடத்தை அவனுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். முதலாளி தோளில் கைபோட்டு, சூளைப் பக்கம் ஏறி இறங்கணும் தம்பி, உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம் என்றார். இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பிய இடது காலோடு மூன்று வருஷமாக அதே சூளையில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவனிடம் சொன்னார். அதுவும் பாசமாகச் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம் என்று அவர்களிடம் பொருமினான்.

அன்று புதுக் கதை, ஆகவே புது ஆட்கள். மஹிரா சிரித்துக்கொண்டே ஒரு தாளை அவனிடம் நீட்டினாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அவனுக்கென்று ஒரு வீரனைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். பெயர் வாயுவேகன், பறக்கிறவன். மஹிரா நன்றாக வரைவாள். மேகத்துக்கு மேலே அங்கி படபடக்க நின்றவனுக்கு இரண்டு கால்களும் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன.

“நல்லா இருக்குதா அண்ணா?”

“நல்லா இருக்குது. நீயே வெச்சுக்கோ.”

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு மனம் இளகவில்லை.

அவன் மனதில் இருந்த ஆள் வேறு. மாணிக்கவேல், வேப்பூர் கூட்ரோட்டில் லாரி புரோக்கர். சக்தி என்று ஒன்றும் கிடையாது. சக்தியும் திறமையும் வாங்க எல்லாருக்கும் கிடைக்கும் நூறு பாயிண்டில் பாதியை மாணிக்கவேலின் ஆள் பழக்கத்துக்கே போட்டான்: சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடுகிற டிரைவர்களில் பாதிப் பேர் அவன் ஒரு போன் போட்டால் வண்டியை நிறுத்துவார்கள். மீதி எஞ்சின் வேலைக்கும், பேரம் பேசுகிற வாய்க்கும், எதற்கும் அசராத மனசுக்கும். கடைசியில் எழுதினான்: இடது கால் நொண்டி.

தனக்கோடி எட்டிப் பார்த்தான். “மஹிரா சுவத்துக்குள்ள பூந்து போவா, நான் மலையைப் பேத்து வீசுவேன். நீ லோடு புடிச்சுக் கமிஷன் வாங்குவியா?”

பழமலைநாதனுக்கும் சிரிப்பு வந்தது. இஃப்திகார் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, காலுக்குப் பதினைந்து பாயிண்டு கூட வரும் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பலவீனம் எதுவோ அதற்கு ஈடாகப் பாயிண்டு தருவது அந்தப் புத்தகத்தின் வழக்கம். இருட்டைக் கண்டால் நடுங்குவான் என்று எழுதித் தனக்கோடியும் வாங்கியிருந்தான்.

“எனக்கு வேணாம்.”

“சும்மா வர்றதுடா.”

“அதான் வேணாம்.”

இஃப்திகாருக்கு விதி என்றால் விதி. பாயிண்டு வாங்கவில்லையென்றால் மாணிக்கவேலுக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நொண்டி என்றால் பாயிண்டு வாங்கித்தான் ஆகவேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல் என்றான். நொண்டிதான், பாயிண்டும் கிடையாது என்று பழமலைநாதன் மேஜையைத் தட்டினான். அப்படி ஒரு ஆள் இந்தப் புத்தகத்தில் கிடையாது என்றான் இஃப்திகார். இல்லையென்றால் எழுதிக்கொள் என்றான் அவன். தனக்கோடிக்கும் கோபம் வந்தது. வம்புக்கென்று வெறும் ஆளை வைத்துக்கொண்டால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மற்ற இரண்டு பேரும்தானே. அந்தப் பதினைந்தில் ஒரு துப்பாக்கியாவது வாங்கித் தொலைக்கச் சொன்னான். பிறகு, பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“காலேஜ் சீட்டே பாயிண்டுல வாங்குனவன்தானே நீ. இப்ப என்ன புதுசா ரோஷம்?”

தெருவில் எங்கோ ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

டிப்ளமோவின் முதல் நாள் ஒரு வாத்தியார் பழமலைநாதன் காலைப் பார்த்து, ஊனமுற்றோர் கோட்டாவா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி மூன்று வருஷமும் வகுப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவன் ஊனச் சான்றிதழை விண்ணப்பத்தோடு வைக்கவே இல்லை. கோட்டாவில் வந்தவர்களை அவன் மட்டமாக நினைத்ததும் இல்லை. ஊனமுற்றோருக்கான பஸ் பாஸ் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. பஸ் படியை அவ்வளவு உயரத்தில் வைத்தவர்கள் அதைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது அவன் கட்சி. வாங்காததை வாங்கினான் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“மார்க்குல வந்தேன். உன்னைவிடக் கூட மார்க்கு. உங்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? ஒரு நாளு கூட நீ நம்பலை, இல்ல?”

தனக்கோடியின் பார்வை அவன் காலுக்குப் போனது. நம்பவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

இஃப்திகார் புத்தகத்தை மூடினான். “சரி. நொண்டி. பாயிண்டு இல்ல. ஆளு செத்தா என்னைக் கேக்கக் கூடாது.”

“செத்தா சாவட்டும்.”

ஆட்டம் நடந்தது. நெடுஞ்சாலைப் பாலத்தில் வில்லன் ஒரு கேஸ் டேங்கரைக் கவிழ்த்தான். மாணிக்கவேல் போனை எடுத்தான், பகடையும் கைகொடுத்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரிகள் குறுக்கே நின்றன. ஒரு பஸ்ஸும் உள்ளே வரவில்லை. தனக்கோடியே தன்னை மறந்து தொடையில் தட்டினான். மாணிக்கவேல் நசுங்கிய கதவை ஜாக்கி வைத்துப் பிரித்து, டேங்கர் டிரைவரை வெளியே இழுத்து ஓடவிட்டான். மாணிக்கவேலால் ஓட முடியாது; மற்றவர்கள் போகும் தூரத்தில் பாதிதான் போவான். டேங்கர் வெடித்தது. பகடைகளின் கூட்டுத்தொகை பத்தோ அதற்குக் கீழோ வந்தால் பிழைப்பான்.

இஃப்திகார் எப்போதும்போல் மறைப்புக்கு நிறுத்தி வைத்த பரீட்சை அட்டைக்குப் பின்னால் மூன்று பகடைகளை உருட்டினான். கொஞ்சம் தாமதித்துச் சொன்னான். “எட்டு. தப்பிச்சிட்டான்.”

பழமலைநாதன் அட்டையைத் தட்டிவிட்டான். ஆறு, ஐந்து, நான்கு.

“இது எட்டா?”

“நேத்து கம்பெனில அப்படி ஆயிடுச்சு. இன்னிக்கி இதுலயுமான்னுதான்…”

“போன மாசம் தனக்கோடி ஆளு செத்தானே. அப்ப அட்டைக்குப் பின்னாடி என்ன பண்ணே?”

“வந்ததைச் சொன்னேன்.”

“எனக்கும் வந்ததைச் சொல்லு.”

மஹிரா மெதுவாக, விளையாட்டுதானே அண்ணா, பிழைச்சுப் போகட்டும் என்றாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“விளையாட்டுலயாவது எனக்கு விழுந்தது எனக்கு விழட்டும்மா. இங்கேயும் ஒருத்தன் பாவம் பாத்து மாத்துனா நான் எங்கதான் போறது?”

இஃப்திகார் பகடைகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினஞ்சு,” என்றான். “நெருப்பு வந்துடுச்சு. மாணிக்கவேல் செத்துட்டான்.”

மீதிக் கதையைத் தனக்கோடியும் மஹிராவும் ஆடி முடித்தார்கள். அடுத்த ஞாயிறு பழமலைநாதன் வந்து வேறு ஒரு ஆளை எழுதினான். அவனுக்கும் சக்தி கிடையாது. இடது கால் நொண்டி. அதற்கு இஃப்திகார் பாயிண்டு போடவில்லை. தனக்கோடி அன்று வரவில்லை.